வடக்குச் சுவரின் தேதிகள்

எங்கள் குடியிருப்பில் அவரை எல்லாரும் ரீடிங் சார் என்றுதான் சொல்வார்கள். இருபத்தெட்டு வருடம் மின்சார அலுவலகத்தில் வேலை பார்த்தவர். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதுவது வேலை. ஒல்லியான ஆள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். முனை குத்தாமல் இருக்க அதற்கு ஒரு பேனா மூடியை மாட்டியிருப்பார். பேனாவை மட்டும் நம்பமாட்டார். "ஈரம் பட்டா பேனா ஓடிடும்மா. பென்சில் எங்கயும் போகாது" என்பார். அந்த வார்த்தையைப் பொய்யாக்கியவள் நான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பதினோரு வருடம் தாமதம். இருந்தாலும் சொல்கிறேன்.

எதைக் கண்டாலும் அதன் மேல் தேதி போடுவது அவருக்கு ஒரு வியாதி. கேஸ் சிலிண்டர் மாட்டிய தேதி, தண்ணீர் வடிகட்டி மாற்றிய தேதி, விளக்குமாறு வாங்கிய தேதி, எல்லாம் அந்தந்தப் பொருளின் மேலேயே இருக்கும். ஒருமுறை செருப்பைத் தைத்து வாங்கி அதன் அடியிலும் போட்டு வைத்திருந்தார். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "நல்லவேளை, என் மேல போடல" என்று அக்கா அலுத்துக்கொள்வார். அவர் சிரிக்காமலேயே, "உனக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்லயே போட்டாச்சு" என்பார்.

இருவரும் தினமும் சாயங்காலம் தெருமுனை வரை நடந்துவிட்டு வருவார்கள். அவர் நாலடி முன்னால் போவார், அக்கா பின்னால். மீட்டர் பெட்டி வெளியே தெரிகிற வீடு வந்தால் அவர் கால் தானாக நின்றுவிடும். அதற்குள் அக்கா வந்து சேர்ந்துகொள்வார். இப்படித்தான் அவர்கள் சேர்ந்து நடப்பது. நான் ஜன்னலில் நின்று அதைப் பார்ப்பேன். எனக்கு அப்படி யாரோடும் நடக்கக் கொடுத்து வைக்கவில்லை, அதனால் பார்க்கப் பிடிக்கும்.

குடியிருப்பு நாலு மாடி, இருபத்துநாலு வீடு. தெற்கே பதினாறு, வடக்கே எட்டு. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிப் படிக்கட்டு. ரீடிங் சார் வடக்கில் இரண்டாம் மாடி. எதிர்க் கதவு நான், வாடகைக்கு வந்தவள். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், ஒரு தையல் மெஷின், நாலு பெட்டி, அவ்வளவுதான் எங்கள் குடும்பம். கணவர் என்று ஒருவர் இருந்தார். போய்விட்டார். அவருக்கு இதில் ஒரு வரி போதும்.

எனக்கு வேலை சலவைக் கடையில். கறை எடுப்பது என் பிரிவு. மை, துரு, எண்ணெய், லிப்ஸ்டிக், எதுவாக இருந்தாலும் கடைசியில் என் மேஜைக்குத்தான் வரும். எதற்கு எலுமிச்சை, எதற்கு சோடா, எதற்கு வெறும் எச்சில் என்று கை சொல்லும். ஒரு கறையைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. கடையில் அதற்காகத்தான் சம்பளம் கொடுத்தார்கள்.

நான் குடிவந்த புதிதில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் பொருளாளர் ஒரு யோசனையைக் கிளப்பினார். தனியாக இருக்கும் பெண்களுக்கு யாரும் வீடு வாடகைக்கு விடக்கூடாது என்று தீர்மானம் போடலாமாம். ரீடிங் சார்தான் செயலாளர். துணை விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை எல்லாரையும் உட்கார வைத்துப் படித்திருக்கிறார். பிறகு, "அப்படி ஒரு வரி இதுல இல்ல. அந்தம்மா மீட்டர் ஒழுங்கா ஓடுது. அவங்கவங்க மீட்டரைப் பார்ப்போம்" என்று புத்தகத்தை மூடியிருக்கிறார். பொருளாளர், "ஏதாவது தப்பு நடக்கட்டும், அப்புறம் பேசிக்கறேன்" என்றாராம்.

இதெல்லாம் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கூட்டத்துக்கு நான் போக முடியாது. அறிவிப்புப் பலகையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், உரிமையாளர்கள் மட்டும் என்று. வாடகைக்கு இருப்பவர்களுக்குத் தண்ணீர் நிற்கிற நேரத்தைச் சொல்வார்கள், வேறு ஒன்றும் சொல்லமாட்டார்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டிக் கொடுத்த மூன்றாம் வருடம் ரீடிங் சார் வீட்டுச் சமையலறையில் அலமாரிக்கு மேலே தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிந்திருக்கிறது. பிறகு வடக்குப் படிக்கட்டில், ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் சாய்வாக ஒன்று. நான் வந்தபோது என் குளியலறைக் கதவு பாதிதான் சாத்தும். தோளைக் கொடுத்து இடித்தால் மிச்சமும் சாத்தும், பிறகு திறக்காது.

கட்டிய கான்ட்ராக்டர் சிரித்த முகக்காரர். என்ன சொன்னாலும் "பாத்துக்கலாம் சார்" என்பார். குடியிருப்பில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. பாத்துக்கலாம் வந்தார், கோட்டைத் தடவிப் பார்த்தார்.

"பூச்சு காயறப்ப இப்படித்தான் சார் வரும். கட்டடம் மூச்சு விடுது."

"மூணு வருஷமாவா?" என்று கேட்டார் ரீடிங் சார்.

"பெரிய கட்டடம் இல்லையா சார். பாத்துக்கலாம்."

இருபத்துநாலு உரிமையாளர்களில் ஒப்பந்தப் பத்திரத்தை முழுக்கப் படித்தவர் ரீடிங் சார் ஒருவர்தான். மற்றவர்கள் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் பார்த்தவர்கள். பதினேழாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் அஸ்திவாரத்தில் குறை தெரிந்தால் கான்ட்ராக்டர் தன் செலவில் சரி செய்ய வேண்டும். பூச்சில் வரும் விரிசலுக்கு அவர் பொறுப்பில்லை. ஆக, கேள்வி ஒன்றுதான். இது பூச்சா, அஸ்திவாரமா?

வரைபடம் போட்ட ஆர்க்கிடெக்டைப் போய்ப் பார்த்தார்கள். அவர் மறைக்கவில்லை. வடக்குப் பக்கம் ஒரு பழைய கிணறு இருந்ததாம், மண் கொட்டி மூடிய இடமாம். அங்கே அஸ்திவாரத்தை இரண்டு மடங்கு ஆழமாகப் போடச் சொல்லி வரைபடத்தில் எழுதியிருக்கிறாராம்.

"அப்படிப் போட்டாங்களா?"

"அதைப் பார்க்கறது என் வேலை இல்லீங்க. மேற்பார்வைக்கு என்னை யாரும் வச்சுக்கல. டிராயிங்தான் கேட்டாங்க, கொடுத்தேன்."

"இதை எழுதித் தருவீங்களா?"

"அதுக்கு நான் என் வக்கீலைக் கேக்கணும்" என்று எழுந்து கை கொடுத்துவிட்டார்.

தோண்டிப் பார்த்துவிடலாம் என்றார்கள் சிலர். சங்கத்து வக்கீல் தடுத்தார். நாமே தோண்டினால், தோண்டியதால்தான் விரிசல் விழுந்தது என்று எதிர்த் தரப்பு சொல்லும். கோர்ட் உத்தரவு போட்டுத் தோண்ட வேண்டும். உத்தரவு வேண்டுமென்றால் விரிசல் வளர்கிறது என்று காட்ட வேண்டும். பூச்சு விரிசல் ஓரளவோடு நின்றுவிடும். அஸ்திவாரம் இறங்கினால் மாதாமாதம் வளரும்.

வளர்வதை அளப்பதுதானே ரீடிங் சார் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை. மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பத்து மணி. விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்கே ஒரு சிறு கோடு, பக்கத்தில் தேதி, அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு எண். அடுத்த மாதம் நுனி அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கும். அங்கே புதுக் கோடு, புதுத் தேதி. நோட்டிலும் எழுதிக்கொள்வார். ஆனால் நோட்டு மட்டும் இருந்தால் ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதியது என்பார்கள், சுவரில் இருப்பதைக் கோர்ட் அனுப்பும் இன்ஜினியர் தன் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஸ்டுடியோக்காரரைக் கூட்டி வந்து படமும் எடுத்தார்கள். படத்தில் பென்சில் கோடு பதியவே இல்லை, வெறும் சுவர்தான் பதிந்தது. அக்கா படியேறும்போது சுவரில் கை வைத்தால்கூட, "தேதி அழிஞ்சிடும், கைப்பிடியைப் பிடிச்சுக்கோ" என்பாராம். இருபது மாதம் இப்படி எழுதினார். எட்டு குடும்பத்தின் வீடு அந்தப் பென்சில் கோடுகளை நம்பி நின்றது.

எனக்கு இது எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சலவைக் கடையில் கூட்டம் நெரியும், நான் காலை ஏழுக்கே போய்விடுவேன். புதன்கிழமைதான் எனக்கு விடுமுறை. அவர் எழுதி ஒருநாளும் நான் பார்த்ததில்லை. படிக்கட்டில் எண்களைப் பார்த்திருக்கிறேன். பெயின்டர் போட்ட கணக்கு, அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டேன். ஏறி இறங்கும்போதெல்லாம் கை அரித்தது.

அந்தப் புதன்கிழமை அக்கா தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "நாளைக்குப் பத்து மணிக்கு கோர்ட்ல இருந்து இன்ஜினியர் வர்றாரு. எல்லாம் நல்லபடியா முடியணும்" என்றார். சார் வக்கீல் அலுவலகத்தில் இருந்தார். வடக்குப் பக்கத்தில் என் வீட்டைத் தவிர எந்த வீட்டிலும் ஆள் இல்லை.

ஒரு பெரிய மனிதர் வருகிறார், படிக்கட்டு இந்த லட்சணத்தில் இருக்கிறதே என்று எனக்குப் பட்டது. என்னை இந்த வீட்டில் இருக்க வைத்தவருக்கு நானும் ஏதாவது செய்ய வேண்டாமா? கூட்டத்துக்கு வரக்கூடாது, பேசக்கூடாது, சரி. துடைக்கலாம் அல்லவா? சோடாவும் வெந்நீரும் மெல்லிய பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு கீழிருந்து ஆரம்பித்தேன். பென்சில் சுலபமாகப் போகிற கறை. அழுத்தித் தேய்க்கக்கூடாது, வட்டமாகத் தேய்க்க வேண்டும். நாலு மாடித் திருப்பமும் முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. முடித்தபோது சுவர் புதுத் துணி மாதிரி இருந்தது. நிறைவாக இருந்தது.

சாயங்காலம் படிக்கட்டு பல்ப் எரியவில்லை, அவர் கவனிக்காமல் ஏறிப் போயிருக்கிறார். மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்து வெளியே வந்தார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டார். நான் மாற்று ஆள் சொல்லி வேலைக்குத் தாமதமாகப் போக அனுமதி வாங்கியிருந்தேன், வருபவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்கலாம் என்று. என் கதவில் நின்று பெருமையாகக் கேட்டேன்.

"எப்படி இருக்கு சார்? நேத்து நான்தான் பண்ணேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். ஒரு மாடி கீழே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, மேலே நாலாம் மாடிவரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"நல்லா இருக்கும்மா" என்றார். "நீங்க வேலைக்குக் கிளம்புங்க. லேட்டாயிடும்."

நான் கிளம்பவில்லை. பத்து மணிக்குக் கோர்ட் இன்ஜினியர் வந்தார். பாத்துக்கலாம் வந்தார், அவருடைய வக்கீல், எங்கள் வக்கீல், சங்கத் தலைவர், பொருளாளர், எல்லாரும் எங்கள் திருப்பத்தில் நெருக்கியடித்து நின்றார்கள். நான் டீத் தட்டோடு பாதி சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

"தேதி போட்டிருக்குன்னு மனுவுல சொல்லியிருக்கீங்க. எங்க?" என்று கேட்டார் இன்ஜினியர்.

எங்கள் வக்கீல் சுவரோடு மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். பொருளாளர் மேலேயும் கீழேயும் ஓடினார். பாத்துக்கலாமின் வக்கீல்தான் முதலில் பேசினார். "ஈரம்கூட முழுசாக் காயல. யாரோ நேத்துதான் துடைச்சிருக்காங்க. தங்களுக்குச் சாதகமில்லாததை அழிச்சிருக்காங்க. இதைக் குறிச்சுக்குங்க சார்."

"யார் துடைச்சது?" பொருளாளரின் குரல் எனக்குத் தெரியும். அவர் கண் என் கதவுப் பக்கம் திரும்பியது.

"நான்தான்" என்றார் ரீடிங் சார்.

"நீங்களா?"

"ஆமா. நான்தான். சுவர் அழுக்கா இருக்குன்னு துடைச்சேன். யோசிக்காம பண்ணிட்டேன். எழுதிக்குங்க."

அந்த நிமிடம்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. கதவைத் திறந்துகொண்டு போய்ச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டடி தூரம்தான். வீடு போய்விடும், மகளுக்கு நடு வருடத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் தேடுவேன் என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த ஒரு கணம் நீண்டுகொண்டே போய்விட்டது.

மறுநாள் அவர் கதவைத் தட்டினேன். அக்கா தங்கை வீட்டிலிருந்து திரும்பியிருக்கவில்லை. நான் அழுதேன். அவர் என்னை உட்காரச் சொன்னார்.

"நீங்க என்ன பண்ணீங்க? சுத்தம் பண்ணீங்க. அது என்னன்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா? சொல்லல. சொல்லியிருக்க வேண்டியது யாரு? செக்ரட்டரி. அப்ப நான்தானே?"

"நான் போய்ச் சொல்லிடறேன் சார்."

"சொன்னா உங்களை அனுப்பிடுவாங்க, அவ்வளவுதான். தேதி திரும்பி வராது. பாப்பாவுக்குப் பத்தாவது முடியட்டும். அப்புறம் பார்க்கலாம்."

நான் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொள்ளத்தான் போயிருந்தேனோ என்னவோ.

வழக்கு நாலு மாதத்தில் படுத்துவிட்டது. விரிசல் வளர்ந்ததாகக் காட்டும் அடையாளம் எதுவும் சுவரில் இல்லை, சங்கத்தின் செயலாளரே அதைத் துடைத்ததாக ஒப்புக்கொண்டார் என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்தார். சமையலறைச் சுவரில் இருந்த தேதிகளைக் காட்டியபோது, அவர் வீட்டுக்குள் அவர் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். தோண்ட உத்தரவு கிடைக்கவில்லை. பாத்துக்கலாம் ஆள் அனுப்பிப் பூசி, வெள்ளை அடித்துக் கொடுத்தார். அதோடு ஐந்து வருடமும் முடிந்தது.

அடுத்த கூட்டத்தில் செயலாளர் பதவியிலிருந்து அவரை நீக்கினார்கள். "இருபது மாசம் பார்த்துப் பார்த்து எழுதினவராம், யோசிக்காம துடைச்சிட்டாராம். யார் காதுல பூ சுத்தறாரு?" என்று பொருளாளர் சொன்னது தெற்குப் பக்கம்வரை கேட்டதாம். அதே மாதம் ரீடிங் சாரின் மகள் வெளியூரில் நல்ல கல்லூரியில் சேர்ந்தாள். நன்றாகப் படிக்கிற பெண், தன் மதிப்பெண்ணில் இடம் வாங்கினாள். ஆனால் பேசுகிற வாய்க்கு அது போதுமானதாக இருந்தது. "விலை போயிட்டாரு" என்று முடிவு கட்டிவிட்டார்கள். படியில் எதிரே வந்தால் ஒதுங்கி, கைபேசியோ சாவியோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்கள்.

சாயங்கால நடையும் நின்றது. அவர் மட்டும் தனியாகப் போய் வந்தார். மீட்டர் பெட்டி முன்னால் நிற்பார், பின்னால் யாரும் வரமாட்டார்கள், மறுபடி நடப்பார். ஊர் வாய்க்கு வெட்கப்பட்டுத்தான் அக்கா வெளியே வருவதில்லை என்று நான் நினைத்தேன்.

மகளுக்குப் பத்தாம் வகுப்பு முடிந்தது. நான் சொல்லவில்லை. பன்னிரண்டும் முடிந்தது. சொல்லவில்லை. இடையில் என் வீட்டு உரிமையாளர் இந்த விரிசல் வீடு வேண்டாம் என்று அடிமாட்டு விலைக்கு விற்க வந்தார். கடன் வாங்கி நான் வாங்கினேன். அந்த விரிசல் இல்லையென்றால் எனக்கு இந்த ஜென்மத்தில் சொந்த வீடு கிடையாது. கூட்டத்துக்கு வரச்சொல்லி எனக்கும் சீட்டு வந்தது. போய் உட்கார்ந்தேன். அவரைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாகனம் நிறுத்தும் இடத்தில் வடக்குப் பக்கம் இரும்புக் கால்களை முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டி வந்தது. வழக்கு படுத்த ஆறாம் வருடம் எல்லாரும் தலைக்கு இவ்வளவு என்று போட்டு அஸ்திவாரத்தைப் பலப்படுத்தினோம். அப்போது தோண்டிப் பார்த்தார்கள். வரைபடத்தில் சொன்ன ஆழத்தில் பாதிதான் இருந்தது. அவர் எழுதியதெல்லாம் சரி. அதைப் பார்த்த பிறகாவது மனம் மாறுவார்கள் என்று நினைத்தால், கோபம் இன்னும் கூடியது. தெரிந்தே நம்மைக் கவிழ்த்தார் என்றார்கள். அவர் குழியின் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, பென்சிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மேலே போனார்.

ஒரு தடவை படியில் நான் அவரை நிறுத்தி, "இப்பவாவது சொல்லிடறேன் சார்" என்றேன்.

"சொல்லணும்னு உங்களுக்குத் தோணினா சொல்லுங்கம்மா. என்கிட்ட ஏன் கேக்கறீங்க?" என்றார். கோபமில்லை. உண்மையாகவே கேட்டார்.

இந்த வருட ஆரம்பத்தில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், நாலாம் நாள் இல்லை. வண்டியில் கொண்டு வந்தபோது தெற்குப் பக்கத்திலிருந்து நாலைந்து பேர்தான் இறங்கி வந்தார்கள்.

ஒரு மாதம் கழித்து ஒரு மதியம் அக்கா என்னைக் கூப்பிட்டார். கட்டில் மேல் அவருடைய நோட்டுகள் கிடந்தன. அலமாரியின் எல்லாக் கதவும் திறந்திருந்தது. சிலிண்டர் தேதி, வடிகட்டி தேதி, எல்லாம் அங்கங்கே அப்படியே இருந்தது.

"உட்காரு. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. நீ எதிர் வீடு, உனக்குத் தெரிஞ்சிருக்கும். அவரு நிஜமாவே வாங்கினாரா?"

"என்னக்கா கேக்கறீங்க?"

"அந்தச் சுவத்துல என்னைச் சாய விடமாட்டாரு. அந்த மனுஷன் யோசிக்காம துடைப்பாரா? மத்தவங்க நம்பலாம், நான் எப்படி நம்பறது? யோசிச்சுத்தான் துடைச்சிருக்கணும். அப்ப எதையோ வாங்கியிருக்கணும். பொண்ணு காலேஜுக்காகத்தான் வாங்கினாருன்னு நினைச்சுக்கிட்டேன். எங்க வச்சிருக்காருன்னு எத்தனை தடவை இந்த அலமாரியைக் கொட்டிப் பார்த்திருக்கேன் தெரியுமா? இன்னிக்கும் கொட்டிட்டேன். ஒண்ணும் இல்ல."

"அவர்கிட்ட கேக்கலையா அக்கா?"

"கேக்கல. பொண்ணுக்காகப் பண்ணதைக் கேட்டு எதுக்கு அவமானப்படுத்தணும்? ஆனா அப்புறம் அவர்கூட நடக்க எனக்குப் பிடிக்கல. சமைச்சுப் போட்டேன், துவைச்சுப் போட்டேன். நடக்க மட்டும் போகல."

நான் சொன்னேன். சோடா, வெந்நீர், பிரஷ், நாலு மாடி, டீத் தட்டு, பத்தாவது பரீட்சை, எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அக்கா ஒரு நோட்டை எடுத்து மடியில் வைத்து அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

முடித்ததும் நோட்டைத் திரும்பக் கட்டிலில் வைத்தார். பிறகு, "உன்னைத் திட்டணும். இப்பத் தெம்பு இல்ல. இன்னொரு நாள் வா" என்றார். கதவுவரை போனதும் கூப்பிட்டார். "எனக்குச் சொன்னதை அப்படியே கூட்டத்துல சொல்லு. நானும் வர்றேன்."

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். அக்கா கடைசி நாற்காலியில் இருந்தார். புதிதாக வந்திருந்த பாதிப் பேருக்கு நான் யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்றே தெரியவில்லை. பழைய பொருளாளர்தான் இப்போது தலைவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"எப்பவோ நடந்தது. அவரும் போயிட்டாரு. இப்ப இதைப் பேசி என்ன ஆகப்போகுது? லிஃப்ட் விஷயத்துக்கு வருவோம்."

"நடவடிக்கைப் புத்தகத்துல எழுதுங்க" என்றேன். "தேதி போட்டு எழுதுங்க. எழுதினாத்தான் உட்காருவேன்."

எழுதினார்கள். என்ன எழுதினார்கள் என்று எட்டிப் பார்த்தேன். இரண்டு வரி, பேனாவில்.

கூட்டம் முடிந்து நானும் அக்காவும் வடக்குப் படியில் ஏறினோம். இப்போது அஸ்திவாரம் நிலையாக நிற்கிறது, சுவரில் விரிசலும் இல்லை, தேதியும் இல்லை. போன முறை வெள்ளை அடித்தபோது எல்லாம் மூடிவிட்டது. அப்படியும் அக்கா சுவர்ப் பக்கம் கை வைக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றார்.

"நான் ஒரு தடவை கேட்டிருந்தா எனக்குச் சொல்லியிருப்பாரு, இல்ல?"

"உங்ககிட்ட மறைச்சிருக்கமாட்டாரு அக்கா."

"ஆமா" என்றார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. நான் கேப்பேன்னு பதினோரு வருஷமாப் பார்த்துக்கிட்டே இருந்திருப்பாரு."